கலங்கல் காற்றுக்கு ஒரு கேக்

மேற்குக் கரைக்காரனிடம் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பது தண்ட வேலை. கால் முறிந்து கிடந்தாலும் "மோசமில்ல" என்பான். வீடு பற்றி எரிந்தால் "கொஞ்சம் கதகதப்பா இருக்கு" என்பான். என் பெயர் போதில், நானும் அதே கரையில் பிறந்து வளர்ந்தவள்தான், அதனால் திட்டுவதற்கு எனக்கு முழு உரிமை உண்டு. அந்தப் பிப்ரவரி மாதக் காலையில், எஸ்பியர் துறைமுகத்தில் படகு ஏறும்போது என்னோடு வேலை செய்கிற பிரேபெனின் முகம் மாவு தடவினது மாதிரி வெளுத்திருந்தது.

"என்ன ஆச்சு உனக்கு?" என்று கேட்டேன்.

"மோசமில்ல. நேத்து தின்ன ஹெர்ரிங் மீன் இன்னும் உள்ள நீந்திக்கிட்டு இருக்கு."

"சாராயம் ஊத்தி நீந்த விட்டிருப்ப."

"பின்ன, மீனுக்குத் தாகம் எடுக்காதா?"

அதோடு பேச்சு முடிந்தது. நானும் நம்பித் தொலைத்தேன்.

பிரேபெனும் நானும் பத்து வருடத்துக்கு மேலாக ஜோடி. தப்பாக நினைக்க வேண்டாம். கடலுக்குள் நிற்கிற காற்றாலைகளில் யாரும் தனியாக ஏறக் கூடாது, எப்போதும் இரண்டு பேர் என்பது விதி. என் கல்யாணம் அதில் பாதிக் காலம்கூடத் தாங்கவில்லை. பிரேபெனுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. தொப்பை உண்டு, அதற்கு மேல் பாதுகாப்புப் பெல்ட்டை இழுத்து மாட்டும்போது தினமும் ஒரே நகைச்சுவையைச் சொல்வான், நானும் தினமும் சிரிக்க மாட்டேன். அவனுக்கு ஒரு பெருமை வேறு இருந்தது. எங்கள் வேலையிடத்தில் யாராவது அசட்டுத்தனமாக ஒரு தப்புச் செய்தால், வெள்ளிக்கிழமை அவர் எல்லாருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். கேக்கை வெட்டுவதற்கு முன்னால் செய்த தப்பைத் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்குத் தப்புக் கேக் என்று பெயர். இத்தனை வருடத்தில் ஒரு தப்புக் கேக்கைக்கூடக் கொண்டுவராத ஒரே ஆள் தான்தான் என்று பிரேபென் மார் தட்டிக்கொள்வான். நான் கொண்டுவந்த கேக்குகளால் அவன் தொப்பையில் பாதி வளர்ந்தது.

அன்றைக்கு எங்களுக்கு ஆறாவது காற்றாலையில் வேலை. எங்கள் காற்றாலைகள் மேற்கிலிருந்து கிழக்காகப் பல வரிசைகளாக நிற்கின்றன. மேற்குக் காற்று அடிக்கும்போது முதலில் நிற்பதற்கு நல்ல காற்று கிடைக்கும். பின்னால் இருப்பவற்றுக்கு, முன்னால் இருப்பது இறக்கையால் வெட்டிக் கலக்கி விட்ட காற்றுதான் வந்து சேரும். அந்தக் கலங்கல் காற்றில் அவை நடுங்கும், உலுக்கும், போல்ட்டுகள் தளரும். முறுக்கி விடப் போவது யார் என்று கேட்க வேண்டாம்.

"எப்பப் பாரு இந்த ஆறாவதுதான். முன்னாடி நிக்கிறவன் ராஜா மாதிரி சுத்துறான். இவனுக்கு மட்டும் போல்ட் தளருது," என்று படகில் புலம்பினேன்.

"முன்னாடி இருக்கிறவன் தின்னுட்டு எச்சிலைப் பின்னாடி தள்ளுறான். அதுல நின்னா நீயும்தான் ஆட்டம் காணுவ," என்றான் பிரேபென்.

"அப்புறம் எதுக்கு அஞ்சு பேருக்குப் பின்னாடி ஒருத்தனைக் கொண்டுபோய் நட்டாங்க? அவனுக்கு என்ன மிஞ்சும்?"

"அதுதான் இல்ல போதில். ரெண்டாவது ஆளுக்குக் குறையும், நிஜம்தான். அதுக்கப்புறம் அவ்வளவா குறையறதில்ல. காரணமே கலங்கல்தான். மேல உயரத்துல எவனும் தொடாத காத்து போய்க்கிட்டே இருக்கு. கீழ கலங்கக் கலங்க, அதைப் பிடிச்சு உள்ள இழுத்துக்குது. கல்யாண விருந்துல தட்டு காலியாக ஆக மறுபடி மறுபடி வைக்கிறாங்களே, அந்த மாதிரி. கலங்கல் இல்லேன்னா ஆறாவது ஆள் பட்டினி."

"அப்ப போல்ட் தளர்றதுக்கு நான் நன்றி வேற சொல்லணுமா?"

"சொல்லேன். எதுக்கெல்லாமோ சொல்றோம்."

அது உண்மைதான். சாப்பாட்டுக்கு நன்றி, காபிக்கு நன்றி, இன்றைக்கு நன்றி என்று நாள் முழுக்கச் சொல்கிற ஜனங்கள் நாங்கள். ஒருவரைச் சந்தித்துப் பிரிந்து, மறுபடி எப்போது பார்த்தாலும் முதல் வார்த்தை "போன தடவைக்கு நன்றி" என்பதுதான். ஆனால் நிஜமாகவே பெரிய ஒன்றுக்கு நன்றி சொல்ல வேண்டி வந்தால் வார்த்தை வராது. சுவரைப் பார்ப்போம், வானிலையைப் பற்றிப் பேசுவோம்.

ஆறாவதை நிறுத்திவிட்டு ஏணியில் ஏறினோம். பிரேபென் வழக்கத்தைவிட அதிகமாக நின்று நின்று வந்தான். கோபுரத்தின் உச்சியில் இயந்திரங்கள் இருக்கிற அறையை எட்டியதும் கருவிப் பையைக் கீழே வைத்தான், பக்கத்திலேயே உட்கார்ந்தான். நான் கூரைக் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. சுற்றிலும் பால் மாதிரி வெள்ளை.

"வரும்போது மூடுபனியே இல்லையே," என்றேன்.

திரும்பிப் பார்த்தால் பிரேபென் இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டிருந்தான். அந்தக் குளிரிலும் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது.

"பிரேபென், என்ன பண்ணுது?"

"மோசமில்ல," என்று சொல்லிவிட்டு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான்.

அவன் மேல் எனக்கு வந்த கோபத்தை இப்போதும் மறக்கவில்லை. செத்துப்போவான் என்கிற பயம்தான் அது, எனக்குப் பயம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். சட்டையைத் தளர்த்தி, முதலுதவிப் பெட்டியிலிருந்து ஆஸ்பிரின் எடுத்து வாயில் திணித்து, மெல்லுடா மெல்லு என்று அதட்டினேன். மென்றான். அப்புறம் ரேடியோவில் கரையில் இருக்கிற கன்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டேன். புதுக் குரல் ஒன்று எடுத்தது.

"நான் சிக்னே. சொல்லு."

"ஆறாவதுல இருக்கோம். பிரேபெனுக்கு மாரடைப்புன்னு நினைக்கிறேன். உடனே ஹெலிகாப்டர் வேணும்."

"மூச்சு விடறாரா?"

"விடறான். ஆனா அவனைக் கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்வான், அதனால நீ என்னைக் கேளு."

சிக்னே அந்த மாதம்தான் எங்களிடம் வந்தவள். அதற்கு முன்னால் கிழக்குக் கரையில் வேறொரு காற்றாலைக் கூட்டத்தின் கன்ட்ரோல் ரூமில் இருந்தாள். நான் அவளை நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அந்தக் குரல் தடுமாறவில்லை. ஹெலிகாப்டரைக் கிளப்பினாள், ஆஸ்பத்திரியோடு பேசினாள், இடையிடையே எனக்குத் தகவல் சொல்லிக்கொண்டே இருந்தாள். படகில் அனுப்புவது என்றால் பிரேபெனைக் கயிற்றில் கட்டிக் கோபுரத்துக்குள் மெதுவாக இறக்கி, பிறகு கரைவரை படகு ஓட்ட வேண்டும். அவ்வளவு நேரம் அந்த இதயம் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கூரை மேல் கம்பி வேலி போட்ட சின்னத் தளம் ஒன்று உண்டு. ஹெலிகாப்டர் மேலே நின்று கம்பிவடத்தில் ஆளை இறக்கி அவனைத் தூக்குவது ஒன்றுதான் வழி.

சத்தம் கேட்டது. ரொம்பப் பக்கத்தில் கேட்டது. ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"எனக்கு உங்களைத் தவிர எல்லாம் தெரியுது," என்றார் விமானி ரேடியோவில். "வரிசைகளுக்கு நடுவுல கடல் பளிச்சுன்னு இருக்கு. ஆனா ஒவ்வொரு வரிசையிலயும் முதல் காத்தாலைக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு நீட்டு வால். நீங்க சரியா வாலுக்குள்ள உக்காந்திருக்கீங்க. இதுக்குள்ள நான் இறங்க முடியாது. இறக்கையில மோதிடுவேன்."

"காத்திருக்க முடியுமா?" என்று சிக்னே கேட்டாள்.

"கொஞ்ச நேரம். எரிபொருள் இருக்கிறவரைக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலை ஒட்டி ஈரமான வெதுவெதுப்பு, அதற்கு மேல் உறைகிற குளிர். தன் பாட்டுக்கு விட்டால் இரண்டும் அதனதன் இடத்தில் கிடக்கும். எங்கள் இறக்கைகள்தான் இரண்டையும் போட்டுக் கலக்கின. குளிர்காலத்தில் வாயைத் திறந்து ஊதினால் வருமே, அதே புகைதான் வரிசை நெடுக வந்துகொண்டிருந்தது. படகில் பிரேபென் நன்றி சொல்லச் சொன்னானே, அந்தக் கலங்கல் இப்போது அவனையே மூடிக்கொண்டு நின்றது. நன்றியாவது மண்ணாங்கட்டியாவது என்று நினைத்தேன்.

ஆனால் ஏன் என்று தெரிந்த எனக்கு, என்ன செய்வது என்று அந்த நிமிடத்தில் தோன்றவில்லை. பிரேபெனின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த மூளையில் வேறு எதற்கும் இடமில்லை. அவன் உதடு நீலம் பாரித்தது. நான் அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டே இருந்தேன். திட்டுவதை நிறுத்தினால் அவனும் நின்றுவிடுவான் போல இருந்தது.

"ஹெலிகாப்டருக்காக நிறுத்த வேண்டியதை எல்லாம் நிறுத்திட்டேன்," என்று சிக்னேயின் குரல் வந்தது.

நான் மறுபடி கூரைக் கதவில் தலையை நீட்டினேன். முதலில் மாற்றம் எதுவும் இல்லை. பிறகு மேற்குப் பக்கமாக வெள்ளை கொஞ்சம் மெலிந்தது. ஐந்தாவது காற்றாலையின் இறக்கை ஒன்று மங்கலாகத் தெரிந்தது, அசையாமல். அதற்கு அப்பால் நான்காவது, அதுவும் அசையாமல். உலை வைத்த அடுப்பை அணைத்தால் ஆவி அடங்குகிற மாதிரி, மூடுபனி முன்பக்கத்திலிருந்து வரிசையாக அடங்கிக்கொண்டு வந்தது. மிச்சமிருந்ததைக் காற்று எங்களைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போயிற்று. எங்கள் முன்னால் இருந்த ஐந்தையும் அவள் நிறுத்தியிருந்தாள். தலைக்கு மேலே நீல வானமும் சிவப்பு ஹெலிகாப்டரும் தெரிந்தன. எங்கிருந்தோ வந்த ஒருத்தி, நாங்கள் யாரும் யோசிக்காததை யோசித்திருக்கிறாள். அழுகை வந்துவிட்டது எனக்கு.

"ஆ, இருக்கீங்களா," என்றார் விமானி. "பக்கத்து வரிசைகள்ல உங்களை ஒட்டி ரெண்டு சுத்திக்கிட்டு இருக்கே. பரவாயில்ல, அதோட காத்து நம்ம பக்கம் வரல. இறக்கறேன்."

மருத்துவர் ஒருவர் கம்பிவடத்தில் இறங்கி வந்தார். பிரேபெனைக் கட்டினோம். அவனைத் தூக்கும்போது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஏதோ முனகினான். என்ன சொல்லியிருப்பான் என்று சொல்லத் தேவையில்லை.

அவனை ஓடென்ஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். இதயக் குழாயில் அடைப்பை எடுத்தார்கள், ஆனால் மயக்கத்திலேயே வைத்திருந்தார்கள். கண் விழித்தால்தான் சொல்ல முடியும் என்றார்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவன் விழிக்கவில்லை. அவன் மனைவி கிர்ஸ்டன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூடுபனியைப் பற்றிப் பேசினேன், வேறு எதுவும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கன்ட்ரோல் ரூமுக்குப் போனேன். நன்றி சொல்லத்தான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்தால் எல்லாரும் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள், நடுவில் கேக். மேலே தேங்காய்த் துருவலும் சர்க்கரைப் பாகும் போட்டுச் சுட்ட, எங்கள் பக்கத்து கேக். கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒல்லியான பெண்ணின் காதுகள் சிவந்திருந்தன.

"போன தடவைக்கு நன்றி," என்றேன் அவளைப் பார்த்து. குரலை வைத்தே அடையாளம் கண்டுகொண்டாள்.

"நீதான் போதிலா? நல்லவேளை, நீயும் கேட்டுக்கோ. நான் சொல்லாம கேக்கை வெட்ட முடியாதே." கத்தியைக் கீழே வைத்தாள். "ஹெலிகாப்டர் வந்தா, போற காத்தாலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கிறதை நிறுத்தணும்னு விதி. என் பழைய இடத்துல திரையில இருக்கிற வரைபடம் காத்தோட சேர்ந்து திரும்பும். காத்து எப்பவும் மேல இருந்து கீழ வர்ற மாதிரி காட்டும். அதனால இடதும் வலதும் நிஜமாவே ரெண்டு பக்கம். இங்க வரைபடம் திரும்பாது, வடக்கு எப்பவும் மேல, அதனால மேற்குக் காத்து இடது பக்கம் இருந்து வரும். எனக்கு அது மறந்துபோச்சு. பயத்துல இடது வலதுன்னு கை போன மட்டும் நிறுத்தினேன். பக்கத்துல இருக்கிறதை விட்டுட்டு, உங்க வரிசையில முன்னாடியும் பின்னாடியும் இருக்கிறதை எல்லாம் நிறுத்தியிருக்கேன். சுத்துற இறக்கைகளுக்கு நடுவுல ஆளை இறக்கியிருக்காங்க, என்னால. மூடுபனி தானா விலகினது அதிர்ஷ்டம். அவ்வளவுதான். கேக் எடுத்துக்கோங்க."

யாரும் சிரிக்கவில்லை. அவளை மேதை என்று நினைத்துக்கொண்டு வந்தவள் நான்.

"தானா விலகல," என்றேன்.

"என்ன?"

"மூடுபனி தானா விலகல. உன்னாலதான் விலகுச்சு. நான் மேல இருந்து பாத்தேன்." மேசையில் இருந்த காபியில் மெல்லக் கரண்டி வழியாகப் க்ரீமை ஊற்றினேன். க்ரீம் மேலேயே நின்றது. "இப்ப கலக்காத வரைக்கும் ரெண்டும் தனித்தனி. கலக்கினா?" கரண்டியைச் சுழற்றினேன். "நம்ம இறக்கைதான் கரண்டி. முன்னாடி இருந்த அஞ்சு கரண்டியையும் நீ நிறுத்திட்ட. புதுசா கலங்கறதுக்கு ஒண்ணும் இல்ல, ஏற்கெனவே கலங்கினது காத்தோட போயிடுச்சு. நீ விதிப்படி பக்கத்துல இருக்கிறதை மட்டும் நிறுத்தியிருந்தா, பிரேபென் அந்த வெள்ளைக்குள்ளயே போய்ச் சேர்ந்திருப்பான்."

சிக்னேயின் முகம் மலரும் என்று நினைத்தேன். மாறாக அது இறுகியது.

"நான் தெரிஞ்சு செய்யலையே. இதுவே இன்னொரு நாள்னா ஒருத்தர் செத்திருப்பார். தப்புக்கு நன்றி வாங்கிக்க எனக்கு வராது. நான் கிழக்குக்கே திரும்பிப் போயிடலாம்னு இருக்கேன்."

"ஒருத்தி நன்றி சொல்ல வந்தா வாங்கிக்கத் தெரியாதா உனக்கு? உனக்கு அது தப்பு. எனக்கு அது பிரேபென்," என்று கத்திவிட்டேன். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிக் கத்துவதில்லை. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. கிர்ஸ்டன்.

"கண் முழிச்சுட்டான்," என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "எப்படி இருக்குன்னு டாக்டர் கேட்டார்."

"என்ன சொன்னான்?"

"மோசமில்லன்னான்."

நான் போனைக் காதில் வைத்தபடியே நாற்காலியில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். சிக்னே ஒரு துண்டு கேக் வெட்டி என் முன்னால் வைத்தாள். அழுகையும் தேங்காயுமாகத் தின்றேன். அவள் கிழக்குக்குப் போகவில்லை. விசாரித்தவர்கள் திரையில் காற்று வரும் பக்கத்துக்குப் பெரிய அம்புக்குறி ஒன்றைப் போடச் சொன்னார்கள். இப்படி மூடுபனி விழுந்தால் முன்னால் இருப்பவற்றையும் நிறுத்த வேண்டும் என்று விதியில் ஒரு வரி சேர்ந்தது. ஆனால் நன்றி என்று யாராவது ஆரம்பித்தாலே அவள் எழுந்து காபி போடப் போய்விடுவாள்.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பிரேபென் வந்தான். தொப்பை காணாமல் போயிருந்தது. சட்டை இரவல் வாங்கினது மாதிரித் தொங்கியது. இனி அவன் கோபுரம் ஏற முடியாது. அடுத்த வாரத்திலிருந்து கன்ட்ரோல் ரூமில் சிக்னேக்குப் பக்கத்து நாற்காலி. கையில் பெரிய கேக் பெட்டி, நடுவில் பிறந்த நாளுக்கு நாங்கள் வைக்கிற காகிதக் கொடி வேறு குத்தியிருந்தான்.

"பிறந்த நாளா?" என்று கேட்டேன்.

"இல்ல. தப்புக் கேக்."

"நீயா?"

"நான்தான். உக்காருங்க எல்லாரும், கத்தியைக் கொடு." நின்றுகொண்டே சொன்னான். "அன்னைக்கு மூணு நாளாவே நெஞ்சு வலிச்சுக்கிட்டு இருந்துச்சு. ஹெர்ரிங்கும் கிடையாது ஒண்ணும் கிடையாது. கிர்ஸ்டன் கேட்டா, மோசமில்லன்னேன். போதில் கேட்டா, அவகிட்டயும் அதேதான். ஏணியில ஏறும்போது கண்ணு இருட்டுச்சு, அப்பவும் வாயைத் திறக்கல. என்னால விமானி, மருத்துவர், போதில், எல்லாரும் ஆபத்துல நின்னாங்க. இதுக்கு மேல அசட்டுத்தனமான தப்பு இந்த மேசையில எவனும் செஞ்சதில்ல. வருஷக்கணக்கா மார் தட்டினதுக்கும் சேர்த்து இந்த கேக்."

பிரேபென் முதல் துண்டை வெட்டிச் சிக்னேயின் தட்டில் வைத்தான்.

"போன தடவைக்கு நன்றி," என்றான்.

அவள் காபிக் கூஜாவை நோக்கிக் கையை நீட்டினாள். கூஜா அவன் பக்கம் இருந்தது, அவன் அதை நகர்த்தவில்லை.

"உன் தப்புக்கு நீ கேக் கொண்டுவந்துட்ட. அது முடிஞ்சுபோச்சு," என்றான். "ஆறாவதுல நிக்கிறவனுக்கு முன்னாடி இருக்கிறவன் தெரிஞ்சா காத்து அனுப்புறான்? ஆனா வந்து சேருதே. வாங்கிக்கிறவன் நன்றி சொல்லித்தானே ஆகணும்."

சிக்னே தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். கண்கள் ஈரமாக இருந்தன, ஆனால் இந்தத் தடவை எழுந்து போகவில்லை.

"உடம்பு இப்ப எப்படி இருக்கு பிரேபென்?" என்று கேட்டாள்.

மேசையைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் காத்திருந்தோம். அந்த வார்த்தை அவன் வாய்வரை வந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். 'மோ' என்று தொடங்க உதடு ஒட்டியது. அங்கேயே நின்றது. அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது," என்றான் மெதுவாக. "ராத்திரி படுத்தா திரும்ப முழிப்பேனான்னு பயமா இருக்கு. கிர்ஸ்டன் தூங்குறதை உக்காந்து பாத்துக்கிட்டு இருக்கேன். ஆனா பாக்கறதுக்கு நான் இருக்கேன்."

பத்து வருடத்துக்கு மேல் அவனோடு ஏறி இறங்கியிருக்கிறேன். கேட்ட கேள்விக்கு அவன் உண்மையைச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். சிக்னே பக்கத்து நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டாள்.

"உக்காந்து சொல்லு," என்றாள். அவன் உட்கார்ந்தான். கூஜாவை அவள் பக்கம் நான் நகர்த்தி வைத்தேன்.